கிளாஸ் ஜெம் மக்காச்சோளம்: விதை வாங்குவது முதல் விதை எடுப்பது வரை

வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் கைமாற்றிக்கொள்ளும் விதைகளில் கிளாஸ் ஜெம் மக்காச்சோளத்துக்குத் தனி மவுசு உண்டு. ஒரே கதிரில் ஊதா, நீலம், ரோஸ், தேன் மஞ்சள், வெளிர்பச்சை என்று மணிகள் கண்ணாடியாக மின்னும். படத்தைப் பார்த்தவுடன் பத்து விதை வாங்கி, மதிலோரம் ஒற்றை வரிசையில் ஊன்றிவிடுகிறார்கள் பலர். மூன்று மாதம் கழித்து உரித்துப் பார்த்தால் கதிர் பொக்கை வாயாக இருக்கிறது. விதை சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் விதையில் குறை இருக்காது. தக்காளியோ கத்தரியோ ஒற்றைச் செடி வைத்தாலும் காய்க்கும், மறு வருஷத்துக்கு விதையும் தரும். மக்காச்சோளம் (கீழே வெறும் சோளம் என்றாலும் இதுதான்) அப்படி இல்லை. மணி பிடிக்கவும் கூட்டம் வேண்டும், தலைமுறை தலைமுறையாக வீரியம் குறையாமல் இருக்கவும் கூட்டம் வேண்டும். கீழே சொல்கிற ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் கார்ல் பார்ன்ஸ் (1928–2016) என்று ஒரு விவசாயி இருந்தார். செரோக்கி பழங்குடி வழியில் வந்தவர். 19ஆம் நூற்றாண்டில் பல பழங்குடிகளைச் சொந்த நிலத்திலிருந்து பெயர்த்து ஓக்லஹோமாவுக்குத் துரத்தியபோது, அவர்களுடைய மக்காச்சோள ரகங்களும் கலந்தும் தொலைந்தும் போயின. பார்ன்ஸ் தான் வளர்த்த பழைய சோளங்களில் அந்த ரகங்களின் சாயல் தெரியும் கதிர்களைப் பிரித்தெடுத்துத் தனித்தனியாகப் பெருக்கினார். மீட்ட விதைகளை அந்தந்த இனத்து மூத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த வேலையோடு வேலையாக பானி இனத்தாரின் குட்டிப் பொரிசோளம், ஓசேஜ் இனத்தாரின் சிவப்பு மாவுச்சோளம் போன்றவற்றைக் கலந்து, நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்ததில் பிறந்ததுதான் கிளாஸ் ஜெம்.

1994இல் கிரெக் ஷோன் என்பவர் பார்ன்ஸைச் சந்தித்து விதை பெற்று நியூ மெக்சிகோவில் பெருக்கினார். 2012இல் ஒரு கதிரின் படம் இணையமெங்கும் பரவியது. அரிசோனாவின் டூசான் நகரில் இருக்கும் நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற விதைக் காப்பு அமைப்பு வழியாக விதை உலகம் முழுக்கப் போனது. ஆகவே இது இருநூறு வருஷம் மாறாமல் வந்த ரகம் இல்லை. பழைய ரகங்களின் ரத்தம் ஓடும், ஒரு மனிதர் பொறுமையாகத் தேர்ந்தெடுத்த கலவை. கலவை என்பதால்தான் ஒரு கதிர் போல இன்னொரு கதிர் வருவதில்லை.

நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் விதை எடுக்கும்போது உதவும். மணியின் வெளித்தோல் முழுக்கத் தாய்ச்செடிக்குச் சொந்தம். தோலில் சிவப்பு இருந்தால் கதிர் முழுவதும் சிவப்பு படரும். தோலுக்கு அடியில் அலுரோன் என்று மெல்லிய அடுக்கு இருக்கிறது. நீலமும் ஊதாவும் அங்கேதான் உட்காருகின்றன. அதற்கும் உள்ளே இருக்கும் மாவுப் பகுதி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். இந்த உள் அடுக்குகள் இரண்டிலும் மகரந்தம் தந்த செடிக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு மணிக்கும் மகரந்தம் வெவ்வேறு செடியிலிருந்து வரலாம் என்பதால் பக்கத்துப் பக்கத்து மணிகள் வேறு வேறு நிறம் காட்டுகின்றன. இதுபோலப் புள்ளியும் தீற்றலுமாக இருந்த சோள மணிகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்துதான் அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்ளின்டாக் இடம் தாவும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார். 1983இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

விதை வாங்கும்போது

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரட்டும் என்று நினைக்காதீர்கள். அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவருவது 2003ஆம் வருஷத்துத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி தவறு. விதையோடு நோயும் வரும். இங்கேயே சில வருஷம் விளைந்த விதை விதைத் திருவிழாக்களிலும் விதைப் பகிர்வுக் குழுக்களிலும் கிடைக்கிறது. நம் வெயிலைப் பார்த்துப் பிழைத்த விதை என்பதால் அதுவே மேல்.

கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை கதிரிலிருந்து எடுத்த விதை? ஒரே அழகான கதிரிலிருந்து உதிர்த்த நூறு விதையைவிட, இருபது கதிரிலிருந்து ஐந்தைந்தாக எடுத்த நூறு விதை பல மடங்கு நல்லது. முடிந்தால் இரண்டு மூன்று பேரிடம் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

எத்தனை செடி, எவ்வளவு இடம்

வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இந்த இடைவெளியில் ஒரு சென்ட்டில் ஏறக்குறைய 270 செடி நிற்கும். பத்துக்குப் பத்து அடி இடத்தில் அறுபது. தின்பதற்கும் அழகுக்கும் அறுபது போதும். விதை எடுத்து வருஷா வருஷம் தொடர நினைத்தால் நூறுக்குக் குறையாமல் வையுங்கள், இருநூறு என்றால் நிம்மதி. குறைந்த செடிகளிலிருந்தே திரும்பத் திரும்ப விதை எடுத்தால் மூன்று நான்கு தலைமுறைக்குள் செடி குட்டையாகி, கதிர் சிறுத்து, முளைப்பும் குறைந்துவிடும். அவ்வளவு இடமில்லாதவர்கள் நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கு அறுபது செடி வைத்து, விதையைக் கலந்து பங்கிட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து வீட்டுத்தோட்டத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

நீளமாக ஒரே வரிசை கூடாது. குறைந்தது நாலு வரிசை சதுரமாக நிற்கட்டும். மாடியிலும் வளரும். 15 அங்குல ஆழத்துக்குக் குறையாத குரோ பேக்கில் இரண்டு செடி வீதம், பைகளை ஒட்டி ஒட்டிச் சதுரமாக அடுக்குங்கள். காற்றடிக்கும் மாடி என்றால் சுற்றிலும் கயிறு கட்டியே ஆக வேண்டும்.

பட்டமும் பக்கத்து வயலும்

தைப்பட்டம், ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம் மூன்றிலும் வரும். பூக்கும் சமயத்தில் வெயில் 38 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் தைப்பட்டத்தைத் தள்ளிப்போடாமல் தை முதல் வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள். புரட்டாசியில் போட்டால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தி அவசியம்.

வட அமெரிக்காவின் நீண்ட கோடைப் பகலில் வளர்ந்த ரகம் இது. நம் ஊரில் பகல் குட்டை. அதனால் அங்கே எழுதிவைத்திருக்கும் உயரத்தையும் நாளையும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. செடி குட்டையாகவே நின்று சீக்கிரம் பூத்துவிடும். கதிரும் சின்னதுதான், பெரும்பாலும் ஒரு சாண்கூட இருக்காது. அது இந்த ரகத்தின் சுபாவம்.

பெரிய தலைவலி பக்கத்து வயல். உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் கோழித்தீவனத்துக்காக வீரிய மக்காச்சோளம் ஏக்கர் கணக்கில் நிற்கிறது. பெரம்பலூர் பக்கமும் அப்படித்தான். அந்த மகரந்தம் காற்றில் வந்து நம் கதிரில் விழுந்தால் அதே பருவத்திலேயே வெள்ளை விழ வேண்டிய இடங்களில் அடர்மஞ்சள் மணிகள் தென்படும். அவற்றை விதைத்தால் அடுத்த வருஷம் பாதி தீவனச் சோளம். சோள மகரந்தம் கனமானது. பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். ஆனாலும் விதைக்கென்று வளர்த்தால் 200 முதல் 400 மீட்டர் இடைவெளி வேண்டும்.

அவ்வளவு தூரம் கிடைக்காதென்றால் நாளைத் தள்ளுங்கள். பக்கத்து வயல்காரரிடம் என்றைக்கு விதைத்தார் என்று கேட்டு, அவர் வயலும் நம் பாத்தியும் பூக்கும் நாட்களுக்கு இடையே மூன்று நாலு வாரம் விழுகிற மாதிரி முன்னாலோ பின்னாலோ ஊன்றலாம். ஸ்வீட் கார்னும் பக்கத்தில் வேண்டாம். அதில் கிளாஸ் ஜெம் மகரந்தம் விழுந்தால் அந்த மணிகள் இனிப்பில்லாமல் மாவாகிவிடும்.

ஊன்றுவது முதல் முழங்கால் உயரம் வரை

மக்காச்சோளம் தின்னிப் பயிர். சென்ட்டுக்கு 50 முதல் 100 கிலோ மக்கிய தொழுஉரம் போட்டுக் கொத்திவிடுங்கள். நம் மண்ணில் பல இடங்களில் துத்தநாகச் சத்துக் குறைவு. இளம் குருத்தில் நடு நரம்பின் இரு பக்கமும் வெளுத்த பட்டை ஓடினால் அதுதான் காரணம். இயற்கை முறையில் கறாராக இல்லாதவர்கள் சென்ட்டுக்கு 100 முதல் 150 கிராம் துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவலாம்.

விதையை ஓர் இரவு ஊறவைத்து, குழிக்கு இரண்டாக 4 செ.மீ. ஆழத்தில், ஈரமான மண்ணில் ஊன்றுங்கள். நாலு முதல் ஆறு நாளில் முளை தெரியும். அந்த ஒரு வாரம் மயில், மைனா, எலி மூன்றும் வரிசை பிடித்து முளையைப் பிடுங்கும். முளை நாலு இலை விடும்வரை வலை போடுவதுதான் எனக்குத் தெரிந்து பலன் தரும் ஒரே வழி. பிறகு குழிக்கு ஒரு செடியாகக் கலையுங்கள். கலைப்பதைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடாது.

முதல் மூன்று வாரம் செடியின் வளரும் முனை மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே ஆடு கடித்தாலும் துளிர்த்துவிடும். ஆனால் பாத்தியில் தண்ணீர் இரண்டு மூன்று நாள் தேங்கினால் அந்த முனை அழுகிச் செடியே போய்விடும்.

செடி ஊதா பாய்ந்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று வழக்கமாகச் சொல்வோம். வண்ணச் சோளத்தில் சில செடிகளின் தண்டும் இலை உறையும் பிறவியிலேயே ஊதா. எல்லாச் செடியும் ஒரே மாதிரி ஊதா பாய்ந்து வளர்ச்சியும் நின்றிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

இருபத்தைந்தாம் நாள் ஒரு தரம், குருத்துக்குள் பூ தெரியும்போது ஒரு தரம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றி மண் அணையுங்கள். அடிக்கணுவில் குடை போல விரியும் தாங்கு வேர்கள் அணைத்த மண்ணுக்குள் இறங்கினால்தான் செடி சாயாமல் நிற்கும். அடியில் வரும் பக்கக் கிளைகளை ஒடிக்கத் தேவையில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் சேர்த்து ஊன்றுவார்கள். இங்கே அந்த இடத்துக்குக் குத்துத் தட்டைப்பயறு பொருந்தும். சோளம் முழங்கால் உயரம் வந்த பிறகு போடுங்கள். கொடி அவரை வேண்டாம், இந்த மெல்லிய தட்டையை அது இழுத்துச் சாய்த்துவிடும்.

படைப்புழு

2018இல் கர்நாடகத்தில் முதலில் தெரிந்து, அதே வருஷம் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்த புழு. குருத்தில் மரத்தூள் கொட்டினது போல எச்சமும், விரிந்த இலையில் வரிசையான ஓட்டைகளும் இருந்தால் உள்ளே அது இருக்கிறது. தலையில் தலைகீழ் ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. வேறு புழுவோடு குழம்ப வேண்டியதில்லை.

வீட்டுத்தோட்டத்தில் கையே சிறந்த மருந்து. முளைத்த பத்தாம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு தரம், காலையில் ஒவ்வொரு குருத்தையும் விரித்துப் பாருங்கள். இலைக்கு அடியில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியலைக் கண்டால் நசுக்குங்கள். ஒரு குவியல் போனால் நூற்றுக்கும் மேல் புழு போன மாதிரி. குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணலும் சாம்பலும் போட்டால் உள்ளே இருக்கும் சின்னப் புழு சாகும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப் கலந்து சாயங்காலம் குருத்தில் தெளிக்கலாம். புழு பெரிதாகிவிட்ட பிறகு எதுவும் எடுபடாது, பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பூக்கும் பத்து நாள்

மொத்தப் பருவத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டிய நாட்கள் இவை. உச்சியில் விரிவது ஆண் பூ. கணுவில் புடைக்கும் இளங்கதிரின் நுனியில் பட்டாக வெளிவருவது பெண் பூவின் முடி. ஒரு முடிக்கு ஒரு மணி. மகரந்தம் எட்டாத முடிக்கு மணி கிடையாது. பொக்கைக் கதிரின் ரகசியம் இவ்வளவுதான்.

ஆண் பூ இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கொட்டத் தொடங்கும். தண்ணீர் குறைந்தால் முடி வெளிவருவது இன்னும் தாமதமாகி, மகரந்தம் தீர்ந்த பிறகு முடி வந்து நிற்கும். அதனால் பூப்பதற்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் ஈரம் காயவே கூடாது.

சதுரமாக நூறு செடி நின்றால் காற்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அறுபதுக்குக் கீழே என்றாலும், பக்கத்தில் வேறு சோளம் பூத்திருந்தாலும் கையால் சேர்ப்பது நல்லது. கலப்பில்லாமல் செய்கிற முறை இது:

இளங்கதிர் புடைத்து, முடி வெளிவரும் முன்பே பட்டர் பேப்பர் உறையால் மூடிவிடுங்கள். முடி ஒன்று வெளியே எட்டிப் பார்த்திருந்தால்கூட அந்தக் கதிரை விதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தினமும் உறையைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். முடி வந்ததும் அன்று சாயங்காலம் கத்தரியால் நுனியோடு மட்டமாக வெட்டி மறுபடி மூடுங்கள். விடிவதற்குள் அது ஒன்றிரண்டு அங்குலம் வளர்ந்து பிரஷ் மாதிரி ஒரே மட்டமாக நிற்கும். அதே சாயங்காலம் பத்துப் பதினைந்து செடிகளின் ஆண் பூவுக்குக் காகித உறை மாட்டி அடியில் கிளிப் போடுங்கள். உள்ளே ஏற்கெனவே ஒட்டியிருக்கும் வெளி மகரந்தம் இரவோடு வீரியம் இழந்துவிடும்.

மறுநாள் பனி காய்ந்த பிறகு, எட்டு மணியிலிருந்து பத்தரைக்குள், பூத்தண்டை வளைத்து உறையைத் தட்டுங்கள். உள்ளே வெளிர்மஞ்சள் தூள் சேரும். மைதா போல வழுக்கி ஓடினால் நல்ல மகரந்தம், கட்டிக் கட்டியாக இருந்தால் ஈரம் பட்டது. எல்லா உறைத் தூளையும் ஒன்றாகக் கலந்து, சல்லடையில் மகரந்தப் பைகளை நீக்கி, அரை மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள். கதிரின் உறையைத் தூக்கி, முடியின் மேல் ஒரு சிட்டிகை தூவி, உடனே மூடிக் கட்டி, தேதி எழுதிவிடுங்கள். மறுநாள் இன்னொரு தரம் செய்தால் நுனி வரை மணி பிடிக்கும். அதே செடியின் மகரந்தத்தை அதே செடிக்கு மட்டும் போடுவதைத் தவிருங்கள்.

மூன்று நாலு நாளில் முடி வாடிப் பழுப்பானால் சேர்ந்துவிட்டது. இன்னும் பச்சையாக நீண்டுகொண்டே போனால் சேரவில்லை.

அறுவடை

நிறம் பால் பிடித்து முற்றும்போதுதான் ஏறும். ஆசைக்கு உரித்துப் பார்த்தால் வெளுத்த மணிதான் இருக்கும், உரித்த இடத்தில் பூஞ்சையும் புழுவும் ஏறும். மட்டை காய்ந்து வைக்கோல் நிறம் ஆகட்டும். ஒரு மணியை எடுத்து அடி முனையைக் கிள்ளிப் பாருங்கள். அங்கே கருப்புப் படலம் விழுந்திருந்தால் முற்றிவிட்டது. நம் ஊரில் இது தொண்ணூறு நாளிலிருந்து நூற்றுப்பத்து நாளுக்குள் நடக்கும். கிளியும் அணிலும் கடைசி மூன்று வாரத்தில் வரும். துணிப்பை கட்டினால் கதிர் தப்பும்.

பறித்தவுடன் மட்டையை மேல்நோக்கி உரித்து, இரண்டு கதிராக முடிந்து, நிழலில் கொடியில் தொங்கவிடுங்கள். முதல் கதிரை உரிக்கும்போது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கதிர் எந்த நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எப்படிச் சாப்பிடுவது

வேகவைத்து உப்பு மிளகாய் தடவித் தின்கிற சோளம் இல்லை இது. மணி கெட்டி. பொரிக்கலாம், அரைக்கலாம். பொரித்தால் வண்ணத் தோல் சிதறி, பொரி வெள்ளையாகத்தான் வரும். நன்றாகப் பொரிய மணியில் 14 சதவீதம் அளவுக்கு ஈரம் வேண்டும். அந்த ஈரம் ஆவியாகி உள்ளே அழுத்தம் ஏறித்தான் மணி வெடிக்கிறது. அதனால் காயும்போது வாரம் ஒரு தரம் பத்து மணி பொரித்துப் பாருங்கள். எட்டு ஒன்பது பூத்தால் அன்றே பாட்டிலில் அடைத்துவிடுங்கள். அதிகம் காய்ந்துபோனால் முக்கால் பாட்டில் மணிக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குலுக்கி, நாலு நாள் மூடிவையுங்கள்.

ரவையாக உடைத்தால் உப்புமா, கஞ்சி. மாவு வேண்டுமென்றால் மெக்சிகோக்காரர்கள் முறை அருமையானது. ஒரு கிலோ மணிக்கு 10 கிராம் உணவுத் தரச் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர், முக்கால் மணி நேரக் கொதி, இரவு முழுக்க ஊறல், காலையில் நன்றாகக் கழுவி அரைப்பு. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்து இப்படிச் செய்தால்தான் உடம்புக்குக் கிடைக்கும், மாவும் ரொட்டிக்கு விரியாமல் சேரும். எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள், அலுமினியம் ஆகாது.

விதை எடுப்பது

சமைக்கும் முன் விதை. இந்த வரிசை மாறக் கூடாது.

அழகான ஐந்து கதிரை மட்டும் எடுத்துவைக்கத்தான் எல்லோருக்கும் மனம் வரும். அப்படிச் செய்தால் நிறம் தங்கும், வீரியம் போகும். நோயில்லாத எல்லாச் செடியிலிருந்தும், கதிருக்கு இருபது முப்பது என்று சம எண்ணிக்கையில், நடுப்பகுதி மணிகளை எடுத்துக் கலந்துவையுங்கள். மங்கலான கதிருக்கும் இதில் இடம் உண்டு. அது சுமக்கும் வெயில் தாங்கும் குணம் நமக்குத் தெரியாமலே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஒதுக்க வேண்டியவை சாய்ந்த செடி, நுனி மூடாத மட்டை, பூஞ்சை பிடித்த கதிர், வெளி மகரந்தம் விழுந்ததாகத் தெரியும் மணிகள்.

பல்லில் கடித்தால் டக்கென்று உடையும் அளவு விதையைக் காயவிடுங்கள். காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் வண்டு முட்டை செத்துவிடும். பிறகு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், மூன்று நாலு வருஷம் முளைப்பு நிற்கும். அலமாரியில் வசம்புப் பொடி போட்டு வைத்தால் அடுத்த பட்டத்துக்குள் விதைத்துவிட வேண்டும்.

வேறு அரிய ரகங்கள் கிடைத்தாலும் முறை இதேதான். பாலைவன மணலில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் ஊன்றினாலும் முளைத்து மேலே வரும், அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடிகளுடைய நீலச் சோளம், தட்டைக்குப் பல கதிர் விடும் சிக்கிம் நாட்டுச் சோளம், மிசோரத்தின் பசைச் சோளம் என்று நம் நாட்டிலும் வெளியிலும் பொக்கிஷம் நிறைய இருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒரு ரகம் மட்டும் போடுங்கள், இரண்டு வேண்டுமென்றால் பூக்கும் நாள் ஒரு மாதம் விலகட்டும். யாருக்காவது விதை கொடுக்கும்போது பொட்டலத்தின் மேல் ஊர், பட்டம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, அக்கம்பக்கத்தில் அப்போது வேறு என்ன சோளம் நின்றது என்ற நாலையும் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர் தன் விதையோடு இதைக் கலக்கலாமா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.